சிகிச்சை யாருக்கு? மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு

2021 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு ரிட் மனு வந்தது. எண் 7284. மனுதாரர்கள் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், இருவரும் சட்டப்படி மேஜர். ஒருவரையொருவர் விரும்பினார்கள், சேர்ந்து வாழ முடிவெடுத்திருந்தார்கள். வீட்டில் எதிர்ப்பு வலுத்ததும் ஊரை விட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்து, தொண்டு நிறுவனத்தினரின் உதவியோடு தங்கினார்கள். இரு குடும்பத்துப் பெற்றோரும் மதுரையில் தனித்தனியே புகார் கொடுத்தார்கள். இரண்டு காவல் நிலையங்களில் 'பெண் காணவில்லை' என்று முதல் தகவல் அறிக்கை பதிவானது. தேடிக்கொண்டு போலீஸ் சென்னைக்கு வந்து விசாரித்தது. எங்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்கச் சொல்லுங்கள், எங்கள் உயிருக்குப் பாதுகாப்பு கொடுங்கள் என்பதுதான் மனுவின் சாரம்.

அவர்களுடைய பெயர்கள் இங்கே வேண்டாம். நிம்மதியாக இருக்க விடுங்கள் என்று கேட்டுத்தான் அவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

இந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் உரிமை வழக்காகப் படிக்கிறார்கள். அது சரிதான். நான் இதை ஒரு நலவாழ்வு வழக்காகப் படிக்கச் சொல்கிறேன். தன்பாலீர்ப்பு உள்ள ஒருவரை வீட்டார் டாக்டரிடமோ, சாமியாரிடமோ, ஆலோசகரிடமோ கூட்டிக்கொண்டு போகும்போது, 'இவளைச் சரி செய்யுங்கள்' என்றுதான் கேட்கிறார்கள். நோயாளி யார் என்பதை வாசலிலேயே முடிவு செய்துவிட்டு உள்ளே வருகிறார்கள். இந்த வழக்கில் அந்த நாற்காலி திருப்பிப் போடப்பட்டது. உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் பெற்றோர், போலீஸ், மருத்துவக் கல்வி, கடைசியில் நீதிபதியும்கூட. அப்படிச் செய்ததால்தான் அந்த இரு பெண்களின் நலம் காப்பாற்றப்பட்டது என்பது என் வாதம்.

நீதிபதி எடுத்த முடிவு

வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. சட்டத்தைப் பொறுத்தவரை இது சிக்கலே இல்லாத வழக்கு. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மேஜர்கள் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவை இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவிலிருந்து விடுவித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். இவற்றை எடுத்துக்காட்டி, 'பாதுகாப்பு கொடுங்கள்' என்று இரண்டு பக்க உத்தரவு போட்டு வழக்கை முடித்திருக்கலாம். பல நீதிமன்றங்கள் அப்படி முடித்தும் இருக்கின்றன.

அவர் முடிக்கவில்லை. மார்ச் 29-ஆம் தேதி உத்தரவில், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருக்கின்றன என்றும், அவற்றை உடைத்துக்கொள்ள நீதிமன்றம் முயல்கிறது என்றும் எழுதினார். மனுதாரர்களையும் பெற்றோரையும் நேரில் பார்த்துப் பேசினார். பிறகு இரு தரப்பையும் வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் அனுப்பினார். பால்புதுமையினரோடு, அதாவது தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் உள்ளிட்ட பாலின, பாலியல் சிறுபான்மையினரோடு, வேலை செய்த அனுபவம் உள்ளவர் அவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் 'கவுன்சிலிங் அனுப்புவது' என்பது நம் நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் நல்ல பெயர் எடுத்த வார்த்தை இல்லை. ஓடிவந்த ஜோடியைப் பிரித்து வைத்து, "பெத்தவங்க மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சுப் பாரும்மா" என்று மணிக்கணக்கில் கரைப்பதற்குப் பெயரும் கவுன்சிலிங்தான். 2024 மார்ச் 11 அன்று தேவு ஜி. நாயர் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியே வழிகாட்டுதல் தந்தது: மேஜரான ஒருவர் தன் விருப்பத்தைச் சொன்ன பிறகு, அவர் மனதை மாற்றும் நோக்கத்தில் அவரை ஆலோசனைக்கோ பெற்றோர் பராமரிப்புக்கோ அனுப்பக் கூடாது. நீதிபதி தன் சொந்த விருப்பு வெறுப்பை அதில் நுழைக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே நடந்த இந்தச் சென்னை வழக்கிலும் ஆலோசனைக்கு அனுப்பினார்கள். ஆனால் யாரிடம் அனுப்பினார்கள், என்ன கேட்டு அனுப்பினார்கள் என்பதில் எல்லாம் வேறுபட்டது. பெண்களை மாற்றச் சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் எந்த அளவு தெளிவாக இருக்கிறார்கள், பெற்றோர் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று புரிந்துகொள்ள அனுப்பினார்.

ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவில் அந்த அறிக்கையின் சாரம் இருக்கிறது. இரண்டு பெண்களும் தங்கள் உறவைப் பற்றி முழுத் தெளிவோடு இருக்கிறார்கள், அவர்களிடம் குழப்பம் இல்லை. பெற்றோர் மீது அவர்களுக்குப் பாசம் இருக்கிறது. வற்புறுத்திப் பிரித்துவிடுவார்களோ என்பதுதான் அவர்களுடைய பயம். பெற்றோரின் பக்கம் வேறு மாதிரி. ஊர் என்ன சொல்லும், பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்ற கவலை. வம்சம், தத்தெடுப்பு இதெல்லாம் எப்படி நடக்கும் என்ற குழப்பம். இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடத் தங்கள் மகள் கடைசிவரை தனியாகவே, துறவறம் போல் வாழ்ந்துவிட்டுப் போகட்டும், அதில் கௌரவம் இருக்கிறது என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். அந்தப் பெற்றோரைக் குற்றவாளிகளாகப் பார்க்க என்னால் முடியவில்லை. மகள்மேல் அவர்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் சந்தோஷமாக இருப்பதைவிட, அவளைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பது அவர்களுக்கு நிம்மதி தருகிறது. நம் ஊரில் கௌரவம் என்பது ஒரு குடும்பத்தின் வாடகை வீட்டையும், தங்கையின் வரனையும், கோயில் திருவிழாவில் கிடைக்கும் மரியாதையையும் தீர்மானிக்கிற சமாசாரம். அந்தப் பயத்துக்கு வைத்தியம் தேவை. அதைச் சுமக்கிறவர்களுக்குத்தான் தேவை, அவர்களுடைய மகள்களுக்கு இல்லை.

அதே ஏப்ரல் உத்தரவில்தான் நீதிபதி தனக்கும் ஒரு அமர்வு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இந்த வழக்கில் சொற்கள் மூளையிலிருந்து வந்தால் போதாது, இதயத்திலிருந்து வர வேண்டும், அதற்குத் தான் இன்னும் முழுதாக விழித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எழுதியதன் பொருள். அதன்படி வித்யா தினகரனோடு உட்கார்ந்தார். பால்புதுமைச் சமூகத்தைச் சேர்ந்தவர்களையும் சந்தித்துப் பேசினார். அவர்களில் ஒருவர் அப்போது மருத்துவப் பயிற்சியில் இருந்த திருநங்கை திரிநேத்ரா ஹல்தார் கும்மராஜு. ஜூன் 7-ஆம் தேதி தீர்ப்பில், தன்பாலீர்ப்பை முழுதாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் தானும் ஒருவன் என்று ஒப்புக்கொண்டார். அறியாமை எந்தப் பாகுபாட்டுக்கும் நியாயம் ஆகாது என்றும் சேர்த்து எழுதினார்.

பதவியில் இருப்பவர் தனக்குத் தெரியாது என்பதைப் பதிவேட்டில் எழுதுவது சிறிய விஷயம் இல்லை. ஊரில் ஒரு ஹெட்மாஸ்டரோ, மகப்பேறு மருத்துவரோ, ஒரு இன்ஸ்பெக்டரோ இதைச் செய்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

உடம்பில் என்ன நடக்கிறது

'இது உரிமைப் பிரச்சினைதானே, உடல்நலம் எங்கே வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. இலன் மேயர் என்ற ஆய்வாளர் 1990-களில் தொடங்கி, 2003-இல் விரிவாக எழுதிய ஒரு கோட்பாடு இருக்கிறது: சிறுபான்மை அழுத்தம். தன்பாலீர்ப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுதலாகக் காணப்படுவதற்கு அவர்களுடைய ஈர்ப்பு காரணம் இல்லை, சுற்றியிருப்பவர்கள் தரும் தொடர்ச்சியான அழுத்தமே காரணம் என்பது அதன் அடிப்படை. அந்த அழுத்தம் பல அடுக்குகளாக வேலை செய்கிறது. அடி, வசவு, வேலை போவது என்று வெளியிலிருந்து வருவது ஒன்று. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. மறைத்து வாழ்வதற்கு ஆகும் உழைப்பு அடுத்தது. கடைசியாக, ஊர் சொல்வதைத் தானே நம்பத் தொடங்கித் தன்னையே வெறுப்பது.

மதுரைப் பெண்களின் நிலையை இதில் பொருத்திப் பாருங்கள். அவர்கள் சென்னை வந்து சேர்ந்த நாளிலிருந்து எதிர்பார்ப்பு என்ற அடுக்குதான் அவர்களை வாட்டியிருக்கும். கதவு தட்டும் சத்தம். தெரியாத எண்ணிலிருந்து போன். வெளியே போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கணக்கு. தூக்கம் போகிறது, பசி போகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, படிப்பும் வேலைத் தேடலும் நின்றுபோகிறது. இப்படி வாழும் ஒருவரிடம் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுக்கலாம், சில நேரம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் போலீஸ் கதவைத் தட்டாது என்ற உறுதி கிடைக்காமல் அந்த மாத்திரை எவ்வளவு தூரம் போகும்? 'காணவில்லை' வழக்கை முடித்துவைப்பது இந்த இடத்தில் நேரடியான மனநலச் சிகிச்சை.

சட்டத்திலும் இதற்கு அடிப்படை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி மனநலச் சேவையில் பாகுபாடு கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018-இல் அது நோய் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. ஏட்டில் எல்லாம் தெளிவு. ஆனால் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு போனால், "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லும் டாக்டர் இன்றும் கிடைப்பார்.

ஜூன் 7 தீர்ப்பு

தீர்ப்பு இரண்டு பெண்களோடு நிற்கவில்லை. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தனிச் சட்டம் கொண்டுவரும்வரை இந்தச் சமூகத்தை அந்தரத்தில் விட முடியாது என்று சொல்லி, இடைக்கால வழிகாட்டுதல்களை வகுத்தது. முதலாவது போலீசுக்கு. காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் மனமொத்துச் சேர்ந்து வாழும் மேஜர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். இந்த ஒரு வரி எத்தனை இரவுகளின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும் என்பது, அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து, இவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனங்களின் பட்டியலை ஒன்றிய சமூக நீதி அமைச்சகம் வெளியிட வேண்டும், தங்குமிடம் இல்லாதவர்களுக்குக் குறுகியகாலத் தங்கும் வசதி செய்ய வேண்டும் என்றது. பள்ளி கல்லூரிகளில் எல்லாப் பாலினத்தவருக்குமான கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றும் வசதி, பெற்றோர் ஆசிரியர் கழகங்களில் விழிப்புணர்வு என்று பட்டியல் நீள்கிறது. சிறைத்துறை, நீதித்துறை, வேலையிடங்கள் எல்லாவற்றுக்கும் பயிற்சி சொல்லப்பட்டது. நலவாழ்வுத் துறைக்குச் சொன்னதுதான் கூர்மையானது: பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்த'வோ மாற்றவோ செய்யும் எந்த முயற்சிக்கும் தடை, அப்படிச் செய்பவர்களின் உரிமத்தை ரத்து செய்வது உட்பட நடவடிக்கை. கன்வெர்ஷன் தெரபி என்று பெயர் சொல்லித் தடை விதித்த முதல் இந்திய நீதிமன்ற உத்தரவு என்று இதைப் பரவலாகக் குறிப்பிடுகிறார்கள்.

நீதிபதி செய்த இன்னொரு நல்ல காரியம், வழக்கை மூடாமல் வைத்திருந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் துறைகளை வரவழைத்து, 'சொன்னதில் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்வந்த பலன்கள் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால் வந்தவை. பயிற்சி வகுப்பு மட்டும் போதாது, போலீஸ் தொந்தரவு தொடர்கிறது, உதவப் போகும் தொண்டு நிறுவன ஊழியர்களையும் அலைக்கழிக்கிறார்கள் என்று புகார்கள் வந்தபோது, நடத்தை விதிகளிலேயே இதைக் கொண்டுவரச் சொன்னார். 2022-இல் தமிழ்நாடு அரசு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியைச் சேர்த்தது. பால்புதுமையினரையோ அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையோ காவலர் எவரும் துன்புறுத்தக் கூடாது, சட்டப்படியான விசாரணைக்கு மட்டும் விலக்கு. ஒரு சப்-இன்ஸ்பெக்டரிடம் அரசியல் சட்டத்தில் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உரிமை தரும் 21-ஆம் பிரிவைச் சொல்வதைவிட, அவருடைய பணி விதியைச் சொல்வது வேலை செய்யும். இது களத்தில் உதவிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண். அதே ஆண்டு, இந்தச் சமூகத்தைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்பட்டியலும் அரசிதழில் வந்தது.

பாடப்புத்தகம்

வழக்கின் மருத்துவக் கிளைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2021 ஆகஸ்ட் மாத வாக்கில் நீதிமன்றம் எம்.பி.பி.எஸ். பாடத்தின் பக்கம் திரும்பியது. மருத்துவ மாணவர் ஒருவர் தன்பாலீர்ப்பைப் பாடத்தில் முதன்முதலாகச் சந்திப்பது எங்கே தெரியுமா? தடயவியல் மருத்துவத்தில், 'இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்' என்ற தலைப்பின் கீழ். பெண்களுக்கிடையிலான உறவு அங்கே ஒரு குற்ற வகையாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. பத்தொன்பது இருபது வயதில் இதைப் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு வரும் டாக்டர், பத்து வருடம் கழித்து இப்படி ஒரு பெண் வயிற்றுவலி என்று எதிரே வந்து உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்கே அவள் பாதி உண்மையைத்தான் சொல்வாள். மீதியைச் சொல்லாமல் விடுவதால் தப்பான பரிசோதனை, தப்பான மருந்து, பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையோ மார்பகப் பரிசோதனையோ தேவையான வயதில் செய்யப்படாமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

நீதிமன்றத்தின் அழுத்தத்தால் 2021 அக்டோபர் 13 அன்று தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவக் கல்லூரிகளுக்கும் பாடநூல் ஆசிரியர்களுக்கும் அறிவுரை அனுப்பியது: பால்புதுமையினரை இழிவுபடுத்தும் பகுதிகளைத் தவிருங்கள். 2022-இல் தடயவியல் பாடத்தின் அந்தப் பகுதி திருத்தப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், கன்வெர்ஷன் தெரபி தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு ஆணையம் எழுதியது. அதாவது இன்று இந்தியாவில் எந்த டாக்டராவது 'மாற்றித் தருகிறேன்' என்றால், அவர்மேல் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க இடமிருக்கிறது. பதிவு பெறாத ஆலோசகர்கள், ஹீலிங் சென்டர்கள், பேயோட்டுபவர்கள் இந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள். அது பெரிய ஓட்டை.

இங்கே கதை நல்லபடி முடிந்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 31 அன்று அதே ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்ட வழிகாட்டியில், நீக்கப்பட்டவை அப்படியே திரும்பி வந்திருந்தன. குதவழிப் புணர்ச்சி, பெண்களுக்கிடையிலான உறவு, மீண்டும் அதே குற்றத் தலைப்பின் கீழ். நாடு முழுக்க மருத்துவர்களும் மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்களும் திருநர் அமைப்புகளும் குரல் எழுப்பிய பிறகு செப்டம்பர் 5-ஆம் தேதி அந்த வழிகாட்டி திரும்பப் பெறப்பட்டது, ஒரு வாரத்தில் திருத்திய வடிவம் வந்தது. ஐந்தே நாளில் வாபஸ் என்பது வெற்றிதான். ஆனால் ஓர் உயர் நீதிமன்றம் விடாப்பிடியாக நின்று நீக்க வைத்ததை, எந்த மேசையிலோ யாரோ பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிவிட முடிகிறது. யாரும் படித்துப் பார்த்திருக்காவிட்டால் அது அப்படியே வகுப்பறைக்குப் போயிருக்கும். தீர்ப்பு வந்துவிட்டது என்று கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக் கல்வியிலும் இதே அனுபவம். திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) தயாரித்த பயிற்சிக் கையேடு 2021 நவம்பரில் எதிர்ப்புக் கிளம்பியதும் இணையத்திலிருந்து மறைந்தது. நீதிபதி அதை இந்த வழக்கிலேயே எடுத்துக் கேட்டு, வருத்தத்தைப் பதிவு செய்தார்.

ரேஷன் கார்டும் ஆஸ்பத்திரிப் படிவமும்

பாதுகாப்பு கிடைத்த பிறகு தினசரி வாழ்க்கை தொடங்குகிறது. அதில் வரும் தொல்லைகள் வேறு வகை. வீட்டு ஓனர் 'இரண்டு பொண்ணுங்க, என்ன உறவு?' என்று கேட்கும்போது சித்தி மகள் என்று சொல்லிவைப்பது. ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட அவரை விரட்டிய குடும்பத்தையே தேட வேண்டியிருப்பது. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் தன்பாலினத் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், திருமணச் சான்றிதழ் என்ற வழியும் இப்போதைக்கு இல்லை.

ஒரே மாதம் கழித்து, 2023 நவம்பரில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதே வழக்கில் 'குடும்ப உறவு ஒப்பந்தம்' என்ற யோசனையைத் தமிழ்நாடு அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். சேர்ந்து வாழும் இருவர் அதைப் பதிவு செய்துகொள்ளலாம், திருமணம் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை, வேலையிடத்திலோ அக்கம்பக்கத்திலோ தொந்தரவு வந்தால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்பவர்களுக்கும் ஜமாத் என்ற தங்கள் கூட்டுக் குடும்ப அமைப்பில் ஒன்றாக வாழும் திருநங்கைகளுக்கும்கூட இப்படியொரு காகிதம் பயன்படும் வகையில் அதை விரிக்கலாம்.

ஒன்றிய அரசின் பக்கத்திலிருந்தும் 2024 ஆகஸ்ட்டில் சில சிறிய நகர்வுகள் வந்தன. சேர்ந்து வாழும் இணையை ரேஷன் கார்டுக்காக ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் இணையை நாமினியாக நியமிக்கவும் தடையில்லை, நெருங்கிய உறவினர் இல்லாத நிலையில் இணை உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்றெல்லாம் துறைகள் அறிவித்தன. வங்கிக் கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அதனால் இந்த அறிவிப்பின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. தமிழ்நாட்டில் 2025-இல் திருநருக்கான மாநிலக் கொள்கை வெளியானது. பால்புதுமையினரில் மற்றவர்களுக்கும் அதுபோல ஒன்று வர வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு பெண்

2021 தீர்ப்பு களத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளக்க, 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஓர் ஆட்கொணர்வு மனுவைப் பார்க்கலாம். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவரை அவருடைய குடும்பம் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறது, மீட்டுத் தாருங்கள் என்பது மனு. கேட்டவர் அவருடைய இணை. மனுவில் அவர் தன்னை 'நெருங்கிய தோழி' என்றுதான் எழுதியிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றே பதிவு செய்தது.

நீதிமன்றத்தில் அந்தப் பெண் சொன்னது: வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், 'சரியாக' வேண்டும் என்று சில சடங்குகள் செய்தார்கள். இணையோடு போகவே விருப்பம். அதற்கு முன்பே காவல் நிலையங்களில் முறையிட்டும் உதவி கிடைக்கவில்லை. போலீஸ் தங்கள் பங்குக்கு அவரைப் பெற்றோருடன் போக வற்புறுத்தியிருந்தது. போலீசின் இந்த அலட்சியத்தை அமர்வு கண்டித்தது. பெண்ணை அவர் விருப்பப்படி போக அனுமதித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை, தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது. தேவைப்படும்போதெல்லாம் அந்த இருவருக்கும் பாதுகாப்பு தர வேண்டும் என்று எல்லைக்குட்பட்ட காவல் நிலையங்களுக்குத் தொடர் உத்தரவும் போட்டது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. உயர் நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். வந்து சேர்வதற்கு முன்னால் இருந்த எல்லாப் படிகளும், அதாவது வீடு, காவல் நிலையம், சடங்கு செய்தவர்கள், எல்லாம் 2021-இல் இருந்த இடத்திலேயே இருந்தன. வக்கீல் பிடிக்கவும் சென்னை வரவும் வழி இல்லாத ஒரு பெண்ணுக்கு, அந்தப் படிகள்தான் மொத்த உலகமும்.

அதனால் ஆலோசகர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், மகளிர் காவல் நிலையத்தில் இருப்பவர்கள் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மிகச் சிறிய நடைமுறை. காணவில்லை என்று தேடப்படும் பெண் எதிரே வந்து நிற்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வயது என்ன? சொந்த விருப்பத்தில் வந்திருக்கிறீர்களா, யாராவது வற்புறுத்துகிறார்களா? இவற்றைப் பெற்றோர் அறையில் இல்லாதபோது கேட்க வேண்டும். பதில் தெளிவாக இருந்தால் வாக்குமூலத்தை எழுதி, கையெழுத்து வாங்கி, புகாரை முடித்துவிடலாம். பிறகு அந்த அம்மா அப்பாவைத் தனியே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர்கள் பேச வேண்டியது யாரிடம் என்று சொல்லி, ஒரு நல்ல மனநல ஆலோசகரின் எண்ணைக் கொடுத்து அனுப்பலாம்.